வண்ண வைரம் வாங்கும்போது கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

கேள்வி: ஐயா, வணக்கம். திருமண நாளுக்கு மனைவிக்கு ஒரு மஞ்சள் வைர மோதிரம் வாங்க நினைக்கிறேன். வெள்ளை வைரம் பற்றி ஓரளவு தெரியும், வண்ண வைரம் எனக்குப் புதிது. மூன்று கற்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது 1.20 காரட், ரேடியன்ட் கட். ரிப்போர்ட்டில் ‘ஃபேன்சி இன்டென்ஸ் ஆரஞ்சி யெல்லோ’, ‘ஒரிஜின்: நேச்சுரல்’, கிளாரிட்டி (உள்ளே குறைகள் எவ்வளவு குறைவு என்ற கிரேடு) ‘விஎஸ்1’ என்று இருக்கிறது. இரண்டாவது 1.52 காரட், ‘ஃபேன்சி விவிட் யெல்லோ’. கிரேடும் உயர்வு, எடையும் அதிகம், ஆனால் விலை முதல் கல்லைவிடக் குறைவு. நிற கிரேடுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும், கீழே கமென்ட்ஸ் பகுதியில் ‘ப்ராசெஸ்டு’ என்று ஏதோ ஒரு வரியும் இருந்தன. கேட்டதற்கு, “இது இயற்கை வைரம்தான், கவலைப்படாதீர்கள்” என்றார் விற்பனையாளர். மூன்றாவது ஒரு பழைய மோதிரம். கல் 0.90 காரட், ‘ஃபேன்சி யெல்லோ’. அதன் ரிப்போர்ட்டில் கிளாரிட்டி என்ற வரியே இல்லை, தேதியும் 2004-ஆம் ஆண்டுடையது. மூன்றுக்கும் சர்டிபிகேட் இருக்கிறது. பிறகு எதை வைத்துத் தீர்மானிப்பது?

பதில்: வணக்கம். முதலில் ஒரு நல்ல செய்தி. அந்த நட்சத்திரக் குறியைக் கவனித்து, அதைப் பற்றிக் கேட்கவும் செய்திருக்கிறீர்கள். வண்ண வைரம் வாங்குபவர்களில் பலர் கிரேடையும் காரட்டையும் மட்டும் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். அப்புறம் வருடங்கள் கழித்து அதை விற்கவோ மாற்றவோ போகும்போதுதான் அந்த வரி அவர்கள் கண்ணில் படுகிறது.

விற்பனையாளர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. இரண்டாவது கல் இயற்கை வைரமாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. வண்ண வைரத்தில் எப்போதும் இரண்டு கேள்விகள் உண்டு. கல் எங்கே பிறந்தது? நிறம் எங்கே பிறந்தது? வெள்ளை வைரம் வாங்கும்போது முதல் கேள்வியே பெரும்பாலும் போதும். வண்ண வைரத்தில் இரண்டாவது கேள்விதான் பெரியது, விலையில் பெரும் பகுதியைத் தீர்மானிப்பதும் அதுதான். பூமிக்குள் உருவான ஒரு கல், மங்கலான பழுப்பு நிறத்தோடு வெளியே வந்து, பிறகு ஒரு ஆலையில் மஞ்சளாக்கப்பட்டிருக்கலாம். அதை ‘இயற்கை வைரம்’ என்று சொல்வது சரிதான். ‘இயற்கை நிற வைரம்’ என்று சொன்னால்தான் தவறு.

நிறம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் இந்த வரி ஏன் இவ்வளவு முக்கியம் என்பது புரியும். வைரம் என்பது கார்பன் அணுக்களின் கட்டமைப்பு. அதில் நைட்ரஜன் புகுந்தால் மஞ்சள். போரான் புகுந்தால் நீலம். இளஞ்சிவப்பும் சிவப்பும் வேறு கதை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வெளிப்பொருள் எதுவும் காரணமில்லை, பூமிக்குள் ஏற்பட்ட அழுத்தத்தில் அணுக்கட்டமைப்பே லேசாக நெளிந்துபோனதால் வந்த நிறம் அது. பழுப்பு நிறத்தில் பெரும்பகுதியும் அப்படித்தான். பச்சை பெரும்பாலும் இயற்கையான கதிரியக்கத்தால் வருகிறது. கல் கிடந்த பாறையிலோ மண்ணிலோ இருந்த கதிரியக்கத் தாதுக்கள் மிக நீண்ட காலம் அதன் மேல் வேலை செய்திருக்கும்.

இவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் மனிதனும் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டான். மிக உயர்ந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் கல்லை வைத்து நிறத்தை மாற்றும் முறைக்கு எச்.பி.எச்.டி. என்று பெயர். 1999-இல் இந்த முறையில் மாற்றிய கற்கள் சந்தைக்கு வருவது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டபோது வைரத் தொழிலே ஆடிப்போனது. சில பழுப்புக் கற்கள் இதில் நிறமற்றுப் போகும். வேறு சில பழுப்புக் கற்கள் பளீர் மஞ்சளாகவோ பசுமஞ்சளாகவோ மாறும். கதிர்வீச்சால் பச்சையும் நீலமும் வரவழைக்கலாம், பிறகு சூடாக்கி அதை மஞ்சள், ஆரஞ்சு என்று நகர்த்தலாம். இதெல்லாம் போக, மேலே மெல்லிய பூச்சு பூசி இளஞ்சிவப்பாக்குவதும் உண்டு. அந்தப் பூச்சு கீறினால் போய்விடும். ஆய்வகத்தில் வளர்த்த வைரங்கள் தனி வகை. மஞ்சள் நிறம் அவற்றில் மிக எளிதாக வரும், ஏனென்றால் காற்றில் இருக்கும் நைட்ரஜன் வளரும் கல்லுக்குள் தானாகவே புகுந்துவிடுகிறது.

கண்ணாலோ, லூப் என்ற சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியாலோ இவற்றைப் பிரித்தறிய முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பூச்சையும் சில பழைய கதிர்வீச்சுக் கற்களையும் நுண்ணோக்கியில் பிடித்துவிடலாம். எச்.பி.எச்.டி. கல்லை உறுதியாகச் சொல்ல நிறமாலைக் கருவிகள் வேண்டும், அந்தக் கருவிகளில் வருவதைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். ஒரு நல்ல லேபுக்கு நீங்கள் கொடுக்கும் பணம் முக்கியமாக இதற்குத்தான். நிறத்தின் ஆழம், அழகு எல்லாம் உங்கள் கண்ணுக்கே ஓரளவு தெரிந்துவிடும். நிறம் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தெரியாது.

ஆகவே எந்த வண்ண வைர ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தாலும் முதலில் ‘ஒரிஜின்’ வரியைத் தேடுங்கள். அதில் ‘நேச்சுரல்’ என்றிருந்தால், சோதித்தவரையில் நிறம் இயற்கையானது என்று அந்த லேப் சொல்கிறது. ‘ட்ரீட்டட்’, ‘ப்ராசெஸ்டு’, ‘இர்ரேடியேட்டட்’ போன்ற சொற்கள் ரிப்போர்ட்டில் எந்த மூலையில் இருந்தாலும், நட்சத்திரம் போட்டு அடிக்குறிப்பில் இருந்தாலும், நிறம் மனிதன் கொடுத்தது. ‘அன்டிட்டர்மின்டு’ என்று வந்தால் லேபால் தீர்மானிக்க முடியவில்லை என்று பொருள். பச்சைக் கற்களில் இது அடிக்கடி வரும். இயற்கைக் கதிர்வீச்சும் ஆலைக் கதிர்வீச்சும் கல்லில் விட்டுச் செல்லும் தடயம் அவ்வளவு ஒத்துப்போவதால், மிகச் சிறந்த லேப்கள்கூட சில பச்சைக் கற்களுக்கு முன்னால் கையை விரித்துவிடும். அப்படிப்பட்ட கல்லை இயற்கை நிறத்தின் விலைக்கு வாங்கக் கூடாது.

உங்கள் இரண்டாவது கல்லில் நட்சத்திரமும் ‘ப்ராசெஸ்டு’ என்ற சொல்லும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். எச்.பி.எச்.டி. முறையில் நிறம் மாற்றப்பட்டது என்று அறிவிக்கும் வாசகம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அமெரிக்காவின் ஜெமாலஜிக்கல் இன்ஸ்டிடியூட் ஆன ஜி.ஐ.ஏ. லேபின் ரிப்போர்ட் என்றால் கல்லின் விளிம்பிலும் ‘எச்.பி.எச்.டி. ப்ராசெஸ்டு’ என்று லேசரில் ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். பத்து மடங்கு லூப்பில் விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். கிரேடும் எடையும் கூடி விலை மட்டும் குறைந்திருப்பதன் காரணம் அங்கேதான் இருக்கிறது. வண்ண வைரச் சந்தையில் காரணமில்லாமல் மலிவு என்று ஒன்று கிடையாது.

இனி நிற கிரேடுக்கு வருவோம். இங்கேதான் வெள்ளை வைரத்தில் பழகிய கண்ணும் மனமும் தடுமாறும். வெள்ளை வைரத்துக்கான, டி (நிறமற்றது) முதல் இசட் (வெளிர் மஞ்சள்) வரை போகும் வரிசையில், நிறம் எவ்வளவு குறைவோ அவ்வளவு விலை. மஞ்சள் கூடக் கூட மதிப்பு சரிந்துகொண்டே வரும். இசட்டைத் தாண்டி ‘ஃபேன்சி’ எனப்படும் வண்ண வகைக்குள் வந்ததும் கணக்கு தலைகீழாகிவிடும், நிறம் கூடக் கூட மதிப்பு ஏறும். பார்க்கும் முறையும் மாறும். டி–இசட் கற்களைக் கவிழ்த்து வைத்து அடிப்பக்கம் வழியாக நிறம் பார்ப்பார்கள். வண்ண வைரத்தை நிமிர்த்தி, மோதிரத்தில் எப்படித் தெரியுமோ அப்படி, மேல்முகமாகவே பார்ப்பார்கள்.

இதனால்தான் பட்டை தீட்டும் விதத்துக்கு இவ்வளவு வேலை. ஒரு குவளையில் நிறமில்லாமல் தெரியும் நீர் ஆழமான குளத்தில் நிறம் காட்டுகிறது அல்லவா, அதுபோலத்தான் ஒளி கல்லுக்குள் எவ்வளவு நீளமாகப் பயணிக்கிறதோ அவ்வளவு நிறத்தை ஏற்றிக்கொண்டு வெளியே வரும். ரேடியன்ட், குஷன் வகைப் பட்டைகள் ஒளியை உள்ளேயே பலமுறை திருப்பிவிடுகின்றன. வட்ட பிரில்லியன்ட்டில் வெளிர் மஞ்சளாக நின்றுவிடும் கல், நல்ல ரேடியன்ட் பட்டையில் ஒரு படி மேலே ஏறிவிடலாம். மஞ்சள் வைரங்களில் வட்டக் கற்கள் குறைவாகவும் ரேடியன்ட்டும் குஷனும் அதிகமாகவும் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். வண்ண வைரத்துக்கு ஜி.ஐ.ஏ. ‘கட்’ கிரேடு தருவதில்லை. பாலிஷ், சிமெட்ரி மட்டும்தான் இருக்கும். ஆக, கட் கிரேடு இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். ஆனால் கல்லின் நடுவில் கண்ணாடி போல வெளுத்துத் தெரியும் இடமோ, குறுக்கே ‘போ டை’ வடிவில் கறுத்த நிழலோ இருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். ரிப்போர்ட் அதைச் சொல்லாது.

உங்கள் முதல் கல்லின் கிரேடைப் பிரித்துப் பார்ப்போம். ‘ஃபேன்சி இன்டென்ஸ் ஆரஞ்சி யெல்லோ.’ கடைசியில் இருக்கும் சொல்தான் அடிப்படை நிறம், அதாவது இது மஞ்சள் கல். அதற்கு முன் வரும் ‘ஆரஞ்சி’, அந்த மஞ்சளில் லேசாகக் கலந்திருக்கும் சாயல். முன்னால் இருக்கும் ‘ஃபேன்சி இன்டென்ஸ்’, நிறத்தின் செறிவையும் அடர்த்தியையும் சேர்த்துச் சொல்வது. ஜி.ஐ.ஏ. நிற வட்டத்தை 27 பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆரஞ்சு கலந்த மஞ்சளும், மஞ்சள் கலந்த ஆரஞ்சும் அதில் தனித்தனி இடங்கள். சொல்லின் வரிசை மாறினால் கல்லே வேறு, விலையும் வேறு. சாயல் எல்லாம் ஒரே மாதிரி நடத்தப்படுவதில்லை. மஞ்சளில் ஆரஞ்சுச் சாயல் சிலருக்கு மிகவும் பிடிக்கும், சந்தையும் அதை வரவேற்கிறது. ‘பிரவுனிஷ்’, ‘கிரேயிஷ்’ என்று வந்தால் விலை இறங்கும், ஏனென்றால் பழுப்பும் சாம்பலும் நிறத்தின் தெளிவை மங்கச் செய்கின்றன.

செறிவைச் சொல்லும் சொற்களை ஏணிப்படியாக நினைப்பதுதான் பெரிய குழப்பம். ஃபேன்சி லைட், ஃபேன்சி, ஃபேன்சி இன்டென்ஸ், ஃபேன்சி விவிட் என்று ஒரு வரிசை உண்மையிலேயே ஏறிக்கொண்டு போகிறது. ஆனால் ஃபேன்சி டீப், ஃபேன்சி டார்க் இரண்டும் அந்த வரிசைக்கு மேலே இல்லை, பக்கவாட்டில் இருக்கின்றன. ஒரு கல்லின் நிறத்தை இரண்டு திசையில் அளக்கிறார்கள். ஒன்று, நிறம் எவ்வளவு வலுவானது. மற்றொன்று, எவ்வளவு இருண்டது. வலுவாகவும் ஒளியோடும் இருந்தால் விவிட். இருள் கூடினால் டீப். இருளும் கூடி வலுவும் குறைந்தால் டார்க். “டார்க் என்றால் கலர் ஜாஸ்தி, அதனால் உயர்ந்தது” என்று யாராவது சொன்னால், சொன்னவருக்கு இந்த அட்டவணை தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சிவப்பு, கறுப்பு, வெண்மை ஆகிய மூன்றுக்கும் இந்தப் படிகளே கிடையாது. ஃபேன்சி ரெட், ஃபேன்சி பிளாக், ஃபேன்சி ஒயிட், அவ்வளவுதான். ‘விவிட் ரெட்’ என்று அச்சடித்த காகிதத்தை ஒருவர் நீட்டினால், அது எந்த லேப், எந்த முறை என்று நிதானமாக விசாரிக்க வேண்டும்.

இந்தச் சொற்கள் கல்லில் எழுதி வைத்தவை அல்ல, மனிதர் வகுத்தவை என்பதற்கு நல்ல சான்று ஹோப் வைரம். கோல்கொண்டாவின் கொல்லூர்ச் சுரங்கத்திலிருந்து போனதாகக் கருதப்படும் அந்த 45.52 காரட் நீலக் கல் 1958 முதல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1988-இல் ஜி.ஐ.ஏ. அதை ‘ஃபேன்சி டார்க் கிரேயிஷ் புளூ’ என்றது. 1996-இல் மறுபடி பார்த்தபோது ‘ஃபேன்சி டீப் கிரேயிஷ் புளூ’ என்றது. கல் மாறவில்லை. இடையில் ஜி.ஐ.ஏ. தன் நிற வகைப்பாட்டைத் திருத்தி அமைத்திருந்தது. பழைய ரிப்போர்ட்டையும் புதிய ரிப்போர்ட்டையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிடக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

கல்லே மாறிய கதையும் உண்டு. விட்டெல்ஸ்பாக் என்ற புகழ்பெற்ற நீல வைரம் 35.56 காரட் இருந்தது. 2008-இல் அதை ஏலத்தில் வாங்கிய லண்டன் வைர வியாபாரி லாரன்ஸ் கிராஃப் மறுபடி பட்டை தீட்டச் செய்தார். 31.06 காரட்டாகச் சுருங்கியது. ஆனால் ‘ஃபேன்சி டீப் கிரேயிஷ் புளூ’ என்றிருந்த கிரேடு ‘ஃபேன்சி டீப் புளூ’ ஆனது. ‘கிரேயிஷ்’ என்ற ஒரே ஒரு சொல்லை ரிப்போர்ட்டிலிருந்து நீக்குவதற்காக நாலரை காரட் வரலாற்றை உரசி எறிந்துவிட்டார்கள் என்று இன்றும் வருத்தப்படுபவர்கள் உண்டு, நானும் அவர்களில் ஒருவன். வருத்தம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு சொல்லுக்கு இந்தத் தொழிலில் என்ன எடை என்று அந்தக் கல் சொல்லிவிட்டது.

‘கேனரி’, ‘காக்னாக்’, ‘ஷாம்பெயின்’ என்றெல்லாம் கடைகளில் சொல்வது வியாபாரப் பெயர்கள். நிற கிரேடு அல்ல. குறிப்பாக, ‘கேனரி’ என்று சொல்லி விற்கப்படும் கல்லின் ரிப்போர்ட்டில் ‘ஒய் டு இசட்’ என்றோ ‘டபிள்யூ டு எக்ஸ்’ என்றோ இருந்தால், அது ஃபேன்சி வகைக்குள்ளேயே வரவில்லை. அழகான கல்லாக இருக்கலாம், ஆனால் ஃபேன்சி விலை கொடுக்க வேண்டியதில்லை.

கிளாரிட்டி பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வண்ண வைரத்தில் நிறம்தான் ராஜா. அடர்ந்த நிறம் சின்னச் சின்னப் புள்ளிகளையும் கீற்றுகளையும் மறைத்துவிடும். மேற்பரப்பு வரை வரும் விரிசல் இருந்தால் மட்டும் யோசியுங்கள், அது அழகை விட உறுதியைப் பற்றிய விஷயம். உங்கள் மூன்றாவது கல்லின் ரிப்போர்ட்டில் கிளாரிட்டி இல்லாததற்குக் காரணம், அது வேறு வகை ரிப்போர்ட்டாக இருப்பதுதான். வண்ண வைரத்துக்கு முழு ரிப்போர்ட் ஒன்றும், எடை, அளவு, நிற கிரேடு, நிறத்தின் மூலம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளும் சுருக்க ரிப்போர்ட் ஒன்றும் உண்டு. இரண்டாவதை வாங்குவது தவறே இல்லை. கல்லின் உள்ளே குறை அதிகம் என்பதால் கிளாரிட்டி வேண்டாம் என்று சிலர் முடிவெடுப்பதும் நடக்கும். அதனால் அந்தக் கல்லை லூப்பில் நீங்களோ, உங்களுக்குத் தெரிந்த ஒருவரோ பார்க்க வேண்டும்.

மூன்றாவது கல்லில் எனக்குக் கவலை கிளாரிட்டி அல்ல. அது மோதிரத்தில் பதித்திருக்கிறது, ரிப்போர்ட் பழையது. பதித்த கல்லை நல்ல லேப் எதுவும் முழுதாக கிரேடு செய்யாது. காரணம் எளிது. மஞ்சள் தங்கக் கூடு மஞ்சள் கல்லின் நிறத்தைக் கூட்டிக் காட்டும், அடிப்பக்கம் மூடியிருந்தால் இன்னும் அதிகமாக. உள்ளே தகடு வைத்துப் பதிக்கும் பழைய வழக்கமும் உண்டு. எடையையும் அளக்க முடியாது. 2004-க்குப் பிறகு அந்தக் கல்லுக்கு என்ன நடந்தது என்று அந்தக் காகிதத்துக்குத் தெரியாது. மறுபடி பாலிஷ் செய்திருக்கலாம். விளிம்பு உடைந்து சரிசெய்திருக்கலாம். ரிப்போர்ட் வாங்கிய பிறகு நிறம் மாற்றப்பட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. விற்பவரிடம் கல்லைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். நல்ல ஆசாரிக்கு அது சின்ன வேலை. கழற்ற மறுத்தால் அந்த மோதிரத்தை விட்டுவிடுங்கள்.

கழற்றிய கல் கையில் வந்ததும் செய்ய வேண்டியதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் கல்லுக்கும் இதுவேதான். ரிப்போர்ட் எண்ணை அந்த லேபின் சொந்த இணையதளத்தில், முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, போட்டுப் பாருங்கள். விற்பவர் காட்டும் க்யூஆர் குறியீடு உங்களை எங்கே கொண்டு போகும் என்று சொல்ல முடியாது. திரையில் வருவதும் காகிதத்தில் இருப்பதும் வரிக்கு வரி பொருந்த வேண்டும். கமென்ட்ஸ் உட்பட. பிறகு கல்லை எடை போடச் சொல்லுங்கள். காரட்டில் தசமத்துக்குப் பின் இரண்டு இடம் வரை பொருந்த வேண்டும். 1.20 என்றால் 1.20 தான், 1.17 அல்ல. அடுத்து மில்லிமீட்டர் அளவு. ரிப்போர்ட்டில் 6.20 × 5.90 × 4.05 என்று மூன்று எண்கள் இருந்தால், நீளம், அகலம், உயரம் மூன்றையும் கேஜில் வைத்துப் பார்க்க வேண்டும். எச்.பி.எச்.டி. செய்யும்போது கல்லின் மேற்பரப்பு கெட்டுவிடுவதால் பிறகு பாலிஷ் போட்டாக வேண்டும், அப்போது எடையும் அளவும் துளி குறையும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைப் பற்றி நாங்கள் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

விளிம்பில் லேசர் எண் பொறித்திருந்தால் லூப்பில் படியுங்கள். ஆனால் எண் பொருந்திவிட்டதே என்று அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். இயற்கைக் கல்லின் எண்ணை ஆய்வகத்தில் வளர்த்த கல்லிலும், நிறம் மாற்றிய கல்லிலும் போலியாகப் பொறித்துக் கொண்டுவந்த சம்பவங்களை லேப்களே கண்டுபிடித்திருக்கின்றன. எண், எடை, அளவு மூன்றும் பொருந்த வேண்டும். முழு ரிப்போர்ட்டில் உட்குறைகளின் வரைபடம் இருந்தால் அதுவும் பொருந்த வேண்டும். வரைபடத்தில் மேஜைப் பட்டைக்கு (கல்லின் உச்சியில் இருக்கும் பெரிய தட்டை முகம்) கீழே ஒரு கீற்று குறித்திருந்தால், கல்லிலும் அதே இடத்தில் அது இருந்தாக வேண்டும். கைரேகை பார்ப்பது போன்ற வேலை இது, பொறுமை தேவை. பெரிய தொகை போட்டு வாங்குவதாக இருந்தால், முன்பணம் மட்டும் கொடுத்துவிட்டு, நீங்கள் தேர்ந்தெடுக்கும் லேபுக்குக் கல்லை மறுபடி அனுப்பிச் சோதித்த பிறகே மீதியைத் தருவதாகப் பேசுங்கள். நேர்மையான வியாபாரி இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

எந்த லேப் என்று கேட்பீர்கள். 1931-இல் தொடங்கிய ஜி.ஐ.ஏ.வின் சொற்களையே உலகச் சந்தை பெரும்பாலும் பொதுமொழியாக வைத்திருக்கிறது. ஐ.ஜி.ஐ., எச்.ஆர்.டி. போன்ற லேப்களும் வண்ண வைரம் பார்க்கின்றன. ஒரே சொல்லை எல்லா லேப்களும் ஒரே இடத்தில் பயன்படுத்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு லேபின் ‘விவிட்’ இன்னொன்றில் ‘இன்டென்ஸ்’ ஆக நிற்கலாம். எனவே இரண்டு கற்களை விலையில் ஒப்பிடும்போது, இரண்டுக்கும் ஒரே லேபின் ரிப்போர்ட் இருப்பது நல்லது. விற்கும் கடையே அச்சடித்துத் தரும் சர்டிபிகேட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அப்புறம், எந்த லேப் ரிப்போர்ட்டும் விலை மதிப்பீடு அல்ல. அதில் விலை எழுதியிருக்காது. ரிப்போர்ட்டோடு இணைத்து ஒரு பெரிய தொகையை எழுதிக் கொடுத்தால், அது விற்பவரின் எண்ணம் மட்டுமே.

காகித வேலை முடிந்ததும் கல்லைப் பாருங்கள். ஒவ்வொரு கிரேடும் ஒரு நீளமான பரப்பு. ‘ஃபேன்சி இன்டென்ஸ் யெல்லோ’ என்ற அதே வரி எழுதிய இரண்டு கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்று ‘ஃபேன்சி’யை ஒட்டியும் இன்னொன்று ‘விவிட்’டை ஒட்டியும் நிற்கும். விலை சொல்பவர் இரண்டுக்கும் ஒரே விலை சொல்வார் என்றால் எதை எடுப்பது என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும். கடையின் விளக்குகள் மஞ்சள் கல்லுக்குச் சாதகமானவை. மஞ்சள் ஒளி மஞ்சளை ஏற்றிக் காட்டும். லேப்கள் பகல் வெளிச்சத்துக்கு இணையான விளக்கின் கீழ், நிறச் சார்பில்லாத சூழலில் வைத்துத்தான் கிரேடு செய்கின்றன. நீங்களும் கல்லை வெள்ளைத் தாளின் மேல் வைத்து, ஜன்னல் பக்கம், நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் பாருங்கள். ஆடையின் நிறம் கல்லில் பிரதிபலிக்கும், பளிச்சென்ற சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால் கண் அந்த நிறத்துக்குப் பழகிவிடும், அதனால் இடையிடையே கண்ணை எடுத்து வெள்ளைத் தாளைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். நிறம் கல் முழுவதும் பரவியிருக்கிறதா, ஓரங்களில் மட்டும் தேங்கி நடுவில் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பதற்கும் இதுவே நேரம். ரிப்போர்ட்டில் ‘டிஸ்ட்ரிபியூஷன்’ என்ற வரியில் ‘ஈவன்’ என்றோ ‘அன்ஈவன்’ என்றோ எழுதியிருப்பதும் இதைத்தான்.

நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால், முதல் கல்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. நிறத்தின் மூலம் தெளிவாக இருக்கிறது, செறிவு நன்றாக இருக்கிறது, சாயல் நல்ல பக்கம் சாய்ந்திருக்கிறது. விஎஸ்1 போதுமானதைவிட அதிகம். சொன்னபடி பொருத்திப் பார்த்து, பகல் வெளிச்சத்தில் அந்த ஆரஞ்சுச் சாயல் உங்கள் மனைவிக்குப் பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அவரையே அழைத்துப் போய்க் காட்டுங்கள். சுத்தமான எலுமிச்சை மஞ்சள்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஆரஞ்சி யெல்லோ ஏமாற்றமாக இருக்கும், அதை எந்த கிரேடும் ஈடுசெய்யாது. பில்லில் ‘வைர மோதிரம்’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். இயற்கை வைரம், இயற்கை நிறம், எடை, லேபின் பெயர், ரிப்போர்ட் எண், இவ்வளவும் இருக்க வேண்டும். மறுசோதனையில் வேறு முடிவு வந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும் எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது கல்லை நான் கெட்ட கல் என்று சொல்லவில்லை. அதுவும் வைரம்தான், நிறம் மாற்றப்பட்டது என்று ரிப்போர்ட் மறைக்காமல் சொல்கிறது. எச்.பி.எச்.டி. நிறம் அன்றாடப் பயன்பாட்டில் மங்கிப் போகாது. அந்த விவிட் மஞ்சளைப் பார்த்ததும் உங்கள் மனைவியின் முகம் மலர்ந்தால், நிறம் மாற்றிய கற்களின் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசி, பில்லில் ‘எச்.பி.எச்.டி. முறையில் நிறம் மாற்றப்பட்டது’ என்று எழுதச் சொல்லி வாங்குங்கள். மனைவியிடமும் அதைச் சொல்லிவிட்டே கொடுங்கள். நாளைக்கு மோதிரத்தை அளவு மாற்ற எடுத்துச் செல்லும்போது ஆசாரியிடமும் ரிப்போர்ட்டின் நகலைக் காட்ட வேண்டும். எந்தக் கல்லின் மேல் தீயைக் காட்டுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருப்பது நல்லது.